வரல

தனசீலன் வீட்டில் சண்டை என்றால் சத்தம் கேட்காது. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்கு உள்ளே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அந்தச் சந்தில், மற்ற வீடுகளில் சண்டை வந்தால் பாத்திரம் பறக்கும், மூன்று பாஷையில் வசவு பறக்கும், விலக்கிவிட நாலு பேர் ஓடி வருவார்கள். தனசீலனும் அன்னமேரியும் அந்த ரகம் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவார்கள். நாலு நாள், ஒரு வாரம், ஒரு தடவை தவக்காலம் முழுக்க நாற்பது நாளும் ஓடியிருக்கிறது. முதலில் வாய் திறப்பவர் தோற்றவர்.

மகள் ஜாக்குலின் வீட்டில் இருந்தவரை அவள்தான் தபால்காரி. "ஜாக்குலின், ஒங்கப்பாட்ட சொல்லு, சோறு மூடி வச்சிருக்குன்னு" என்பாள் அன்னமேரி. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் தனசீலன், "ஒங்கம்மாட்ட சொல்லு, எனக்குப் பசிக்கலன்னு" என்பார். ஜாக்குலின் கல்யாணம் ஆகி உல்லாஸ்நகருக்குப் போன பிறகு அந்த வேலையைச் செல்போன் எடுத்துக்கொண்டது. முகம் பார்த்துப் பேசினால்தான் தோல்வி, போனில் பேசினால் அது பேச்சிலேயே சேராது. பஸ்ஸில் இருந்து தனசீலன் கூப்பிடுவார். "சிலிண்டர் வந்துட்டா?" "வந்துட்டு." டக்கென்று வைத்துவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மறுபடி இரண்டு பேரும் கல். இப்படி ஒரு சட்டத்தை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் தானாக முளைத்தது.

தனசீலன் அணுசக்தி நகருக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர், ஒப்பந்தக் கம்பெனி டிரைவர். விடிகாலையில் கிளம்பி, கிங்ஸ் சர்க்கிளிலும் சயானிலும் ஆபீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால், சாயங்காலம் அவர்களைத் திருப்பி ஏற்றும்வரை பஸ்ஸிலேயே படுக்கை. அன்னமேரி வீட்டின் கீழறையில் முறுக்குப் போடுகிறாள். மேலறையில் குடும்பம், நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. கோவில்பட்டிப் பக்கத்து முருகம்மாள் ஒருத்தி கூடமாட வேலைக்கு. அன்னமேரி கைச்சுற்றலில் முறுக்கு எண்ணெயில் விழுவதைப் பார்த்தால் யாரோ எழுதுகிற மாதிரி இருக்கும். மாட்டுங்காவில் நாலைந்து கடைக்கு அவள் சரக்குதான்.

ஜூலையில் பெய்த மழையில் இரண்டு நாள் சிலிண்டர் வண்டி உள்ளே வரவில்லை. ஆர்டர் நிற்குமா? அன்னமேரி பழைய கரி அடுப்பை எடுத்துப் பற்ற வைத்தாள். பின் ஜன்னல் வழியாகச் சாரல் எண்ணெயில் தெறிக்கிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள். பின்வீட்டு இனாயத்துல்லாவும் புகை என் வீட்டுக்குள் வருகிறது என்று தினமும் வந்து நின்றார். தனசீலன் ஒரு தகரத்தை எடுத்து ஜன்னலில் வைத்து, பதினாறு ஆணி அடித்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். வாசலில் ஏற்கெனவே மழைக்குத் தார்ப்பாய் தொங்கியது.

மறுநாள் மத்தியானம் அரிசி மாவு அரைக்கப் போயிருந்த முருகம்மாள் திரும்பி வந்து தார்ப்பாயைத் தூக்கினால், அன்னமேரி மாவுப் பானைக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தாள். கன்னம் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. இழுத்துச் சந்தில் போட்டு, தண்ணீர் தெளித்ததும் மூச்சு வந்தது. வாந்தி எடுத்தாள். தெருமுனை டாக்டர் ஒரு ஊசி போட்டு, பட்டினி மயக்கம் என்றார். மூன்றாம் நாள் எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி மாவு பிசைந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், மீன் வாங்கினாள், இனாயத்துல்லா பெஞ்சாதியோடு அரைமணி நேரம் கதை பேசினாள். எல்லோரும் அதை மறந்துபோனார்கள். அவள் மட்டும் மறக்கவில்லை.

"அந்தத் தகரத்த எடுத்துருங்க. எனக்கு அதப் பாத்தாலே நெஞ்ச அடைக்கி."

"மழ முடியட்டும். கேஸ் வந்துட்டுல்லா? இனி என்ன பொகை?"

"கரி அடுப்பு இருக்குற வர பொகையும் இருக்கும். நாளைக்கே வண்டி வராமப் போனா?"

"வந்தா வருது, போனா போவுது. சும்மா நொய்நொய்ங்காத."

மூன்று வாரம் இது ஓடியது. ஆகஸ்டு முதல் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடிப்போய், தனசீலன் அவள் அப்பன் வீட்டுப் பெருமை வரைக்கும் இழுத்துவிட்டார். அன்னமேரி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இனி ஒங்ககிட்ட வாயத் தொறந்தா என்னன்னு கேளுங்க" என்றாள்.

திங்கள்கிழமை அவள் பேசவில்லை. தனசீலனும் பேசவில்லை. டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. அதுவும் சண்டையில் ஒரு அயிட்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வெளியே கடையில் டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனார். உள்ளுக்குள் ஒரு முறுக்கு. இந்தத் தடவை நான் தோற்கப்போவதில்லை என்ற முறுக்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் வந்தபோது கீழறையில் அடுப்பு எரியவில்லை. அன்னமேரி சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். முருகம்மாள் அவரை வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணாச்சி, மதினிக்கு என்னமோ சரியில்ல. நேத்து அச்சக் கையில புடிச்சிட்டு எண்ணெயவே பாத்துக்கிட்டு நிக்காவ. பாதி சுத்துன முறுக்கு கரிக்கட்டையாப் போச்சு. இன்னைக்கு உக்கார வச்சா உக்காருதாவ, எந்திரிங்கன்னா எந்திரிக்க மாட்டேங்காவ. சேல நனைஞ்சிட்டு அண்ணாச்சி. நாந்தான் மாத்துனேன்."

"சோறு?"

"வாயில வச்சா முழுங்குதாவ. தானா எடுக்கல."

அந்த நேரம் பார்த்து அன்னமேரியின் போன் அடித்தது. மடிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. முருகம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, "மாட்டுங்கா கிட்டு மாமா" என்று அவள் காதில் வைத்தாள்.

"என்னம்மா அன்னமேரி, சனிக்கிழமைக்கு தேன்குழல் பத்து கிலோ வேணுமே. ஆகுமோல்லியோ?" கிட்டுவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவர் கடையில் பேசினாலே பக்கத்துக் கடையில் திரும்பிப் பார்ப்பார்கள்.

அன்னமேரியின் உதடு பிரிந்தது. "ஆகும்" என்றாள்.

"கைமுறுக்கு?"

"ரெண்டு கிலோ."

"சரி, சரி. குரல் ஏன் கம்மியிருக்கு? மழைல நனையாதே" என்று கிட்டு வைத்துவிட்டார்.

முருகம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அண்ணாச்சி, பேசிட்டாவ! ரெண்டு நாளைக்கிப் பொறவு இப்பதான்."

தனசீலனுக்கு உச்சியில் ஏறியது. கிட்டு மாமாவிடம் வாய் இருக்கிறது, கட்டின புருஷனிடம்தான் இல்லை. அதோடு ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். போனில் பேசுகிறாள் என்றால் இது அவர்களுடைய பழைய சண்டைதான். விதி மாறவில்லை.

"ஒனக்கு அவளத் தெரியாது முருகம்மா. எல்லாம் வீம்பு. சேலைய நனைச்சாவது ஜெயிக்கணும்னு பாக்கா."

"வீம்புக்கு யாராச்சும் இப்படி இருப்பாவளா அண்ணாச்சி?"

"நாப்பது நாள் இருந்தவ அவ" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

புதன்கிழமை மாகிம் மாதா கோவிலில் நொவேனா ஜெபம். என்ன சண்டை என்றாலும் அதற்கு மட்டும் இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள், உள்ளே போய் ஆளுக்கொரு வரிசையில் உட்காருவார்கள். பதினோரு மணிக்குப் பஸ்ஸின் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு தனசீலன் போன் போட்டார். டிரைவர்கள் வழக்கப்படி ஸ்பீக்கரில். எதிர்சீட்டில் மேலப்பாளையத்து அபுதாஹிர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார், அவரும் அங்கே டிரைவர்தான். முருகம்மாள் எடுத்து, "குடுக்கேன் அண்ணாச்சி" என்று அவள் காதில் வைத்தாள்.

"நாந்தான். சாயங்காலம் வாறியா?"

ஒன்றும் இல்லை. மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும் வந்தது.

"ஏட்டி, ஒன்னத்தான். வாறியா, இல்லியா?"

"வரல."

வைத்துவிட்டார். மாதாவிடம்கூடவா வீம்பு?

அபுதாஹிர் சோற்றுக் கையோடு அவரைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, படக்குன்னு வச்சிட்டிய? அவிய இன்னும் பேசிட்டுல்லா இருந்தாவ. 'பே'ன்னு என்னமோ ஆரம்பிச்ச மாதிரி கேட்டுது."

"பேசாதன்னு சொல்ல வந்திருப்பா."

"அப்பிடியா? எனக்குக் கேட்டது அந்த மாதிரி இல்ல" என்றார் அபுதாஹிர். அதற்குமேல் அடுத்தவர் குடும்பத்தில் தலையிட விரும்பாமல் மீன் குழம்பை அவர் பக்கம் தள்ளினார்.

நொவேனாவுக்குத் தனியாகப் போனார். மெழுகுவர்த்தி ஏற்றி, என் பெஞ்சாதிக்கு நல்ல புத்தி கொடு என்று மன்றாடினார். தனக்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து ஜாக்குலினைக் கூப்பிட்டார்.

"அரே, அப்பா! இன்னைக்கு மத்தியானங்கூட நான் போன் பண்ணேன். முருகம்மா அக்கா குடுத்தாங்க. சாப்ட்டியான்னு கேட்டேன், சாப்ட்டேன்னா. வாய்ஸ் கொஞ்சம் டல்லா இருந்துச்சு, அவ்ளோதான். நீங்க என்ன சொன்னீங்க அம்மாவ? நேரா போய் ஸாரி சொல்லுங்க, கதம், முடிஞ்சுது."

இப்படியாக, போன் போட்ட ஒவ்வொருவருக்கும் அன்னமேரி நன்றாகத்தான் இருந்தாள்.

வியாழக்கிழமை வந்து பார்த்தபோது முருகம்மாள் கிளம்பிவிட்டிருந்தாள். அன்னமேரிக்கு முன்னால் தட்டில் சோறு, அதில் எறும்பு. அவளுடைய வலது கை தட்டுக்கு நாலு விரல்கடை தள்ளிக் கிடந்தது. மேலே ஏணி ஏறும் ஓட்டை வழியாக ஒழுகிய மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவள் கன்னத்தில் விழுந்து கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. நகரவும் இல்லை. கண் மட்டும் திறந்து அவர் மேல் இருந்தது. அவர் இடது பக்கம் போனால் இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனால் வலது பக்கம் வந்தது. அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா என்று தேடினார். எதுவும் இல்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"மேரி" என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக, ஐந்து நாளைக்குள், அவர் தோற்றுப்போனார். வாய்விட்டுத் தோற்றும் அவள் ஜெயித்த மாதிரித் தெரியவில்லை.

"சரி, நாந்தான் மொதல்ல பேசிட்டேன். தப்பு எம்மேலதான். போதுமா? எந்திரி."

சொட்டு விழுந்தது.

"எந்திரிட்டி, எந்திரிங்கேன்! ஊரெல்லாம் போன்ல பேசுத, எனக்கு ஒரு வார்த்த இல்லியா?"

பயம் வந்தால் கோபப்படுகிற ஜாதி ஆம்பிளை தனசீலன். தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். அன்னமேரி தள்ளின பக்கமே சரிந்தாள். கை ஊன்றவில்லை. மாவுப் பானையில் தலை இடித்தது. இடித்த இடத்திலேயே தலை சாய்ந்து நின்றது, கண் மட்டும் திரும்பி வந்து மறுபடி அவர் மேல் நின்றது. அவர் அவளைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்து, முகத்தைத் துடைத்தார். பாயைச் சொட்டுக்கு அப்பால் இழுத்துப் போட்டார். காலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு முருகம்மாளிடம் இருந்து போன் வந்தது. அவள் அழுதது அபுதாஹிருக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, ஓடி வாங்க! கிட்டு மாமா ஆர்டருக்காவ கரி அடுப்பையும் சேத்துப் பத்த வச்சேன். ஒரு கங்கு தெறிச்சி மதினி பொறங்காலுல விழுந்துட்டு. நான் முதுகக் காட்டிட்டு மாவு பெசையுதேன். வாட வருது, வாட வருதுன்னு திரும்பிப் பாத்தா... கங்கு கால்லயே கெடக்கு. அவிய அதப் பாத்துக்கிட்டே இருக்காவ அண்ணாச்சி. கத்தல. கால இழுக்கல. பாத்துக்கிட்டே இருக்காவ."

வீம்பு என்ற சொல்லைத் தனசீலன் அதற்குப் பிறகு ஜன்மத்தில் உச்சரிக்கவில்லை. பஸ் சாவியை அபுதாஹிர் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்று மணிக்குள் ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். டாக்டர் ஸ்மிதா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண், வீட்டில் பாலக்காட்டுத் தமிழ். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த அன்னமேரியின் கண்ணுக்கு முன்னால் விரலை நகர்த்திப் பார்த்தாள், கண் பின்னாலேயே போனது. கையைத் தூக்கச் சொன்னாள், கை அசையவில்லை. பிறகு தனசீலனையும், உல்லாஸ்நகரில் இருந்து ஈரத்தோடு ஓடி வந்திருந்த ஜாக்குலினையும் வெளியே கூட்டிப் போனாள்.

"ஒரு மாசத்துக்குள்ள இவங்க எப்பவாவது மயங்கி விழுந்தாங்களா? புகைல, மூடின ரூம்ல, அந்த மாதிரி?"

தனசீலன் தலையை ஆட்டினார். "விழுந்தா. கரி அடுப்பு. ஜன்னல்ல தகரம் அடிச்சிருந்துது. நாந்தான் அடிச்சேன்."

"கரிப்புகை விஷம். அப்போ தெளிஞ்சு நன்னா ஆன மாதிரி இருக்கும். சிலருக்கு ரெண்டு மூணு வாரம் கழிச்சு மூளையோட உள்நரம்பெல்லாம் கெட ஆரம்பிக்கும். இவங்களுக்கு அதான் ஆகியிருக்கு. காது கேக்கறது, கண் தெரியறது, நாம பேசறது புரியறது. கை கால்ல பலம் இருக்கு, குரலும் இருக்கு. ஆனா பேசணும், நகரணும்னு உள்ள இருந்து ஒரு உந்தல் கிளம்பும் பாருங்கோ, அது கிளம்ப மாட்டேங்கறது."

"போன்ல பேசுதாளே டாக்டர்? எல்லார்ட்டயும் பேசுனா. அதனாலதான நான்…"

ஸ்மிதா அவரைக் கூர்ந்து பார்த்தாள். "போன் காதுல வச்சா பேசறாங்களா? இந்த வியாதில சிலருக்கு அப்படி உண்டு. புஸ்தகத்துல படிச்சிருக்கேன், பார்த்ததில்லை. எதிர்ல நிக்கற ஆளுக்குப் பதில் வராது. போன் வந்தா, பல வருஷப் பழக்கம் தானா இழுத்து வாயத் திறக்க வச்சுடறது. அது வீம்பு இல்லை, அங்கிள். அந்த ஒரு வாசல்தான் இன்னும் சாத்தாம இருக்கு."

"சரியாயிருமா?"

"சில பேர் ஆறு மாசம், ஒரு வருஷத்துல திரும்பி வந்திருக்கா. சில பேர் வரலை. அஞ்சு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா சரியாயிருக்கும்னும் என்னால சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் கீழ போகவும் போகலாம், போன்ல பேசறதும் நின்னு போகலாம். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

ஜாக்குலின் சுவரைப் பிடித்துக்கொண்டு, "நான் ஃபோன் பண்ணேனே, நான் ஃபோன் பண்ணேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தனசீலன் காதில் ஓடியது வேறு. அந்தப் புதன்கிழமையை மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். வாறியா என்று கேட்டார், வரல என்றாள். அபுதாஹிர் சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. மகளிடம் அன்னமேரியின் போனைக் கொடுத்து, "போய் அம்மா காதுல வையி. ஸ்பீக்கர் போடாத" என்று அனுப்பினார். வராந்தா ஓரத்தில், மழைக்குப் பக்கத்தில் நின்று, நம்பரை அழுத்தினார். கண்ணாடிக் கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. இருபதடி இருக்கும்.

"மேரி, நாந்தான்."

மூச்சு மட்டும் கேட்டது. வழக்கமாக இந்நேரம் வைத்திருப்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"ம்" என்று வந்தது.

"காலு வலிக்கா?"

நேரம் போனது. "வலிக்கி."

"தல? நேத்து நான் தள்ளுனது?"

"வலிக்கி."

கண்ணாடிக்கு அப்பால் அவள் கூரையைப் பார்த்துக் கிடந்தாள். உதடு மட்டும் அசைவது இங்கிருந்தே தெரிந்தது.

"அன்னைக்கு வரலன்னியே. நான் கோயிலுக்குக் கேட்டேன். நீ எதச் சொன்ன?"

இந்தத் தடவை வெகுநேரம் ஆனது. பக்கத்தில் ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு "சைடு, சைடு" என்று போனார். தனசீலன் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"பேச்சு" என்றாள் அன்னமேரி. "பேச்சு வரல."

அதைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்திருக்கிறாள். ஐந்து நாளில் அவளாக ஒன்றைச் சொல்ல முயன்ற ஒரே தடவை அது, பாதியில் டக்கென்று வைத்துவிட்டது இந்தக் கை. நாலு பேர் நடமாடுகிற வராந்தாவில் அறுபதை நெருங்கும் தனசீலன் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். மன்னிப்புக் கேட்டாரா, மாதாவைக் கூப்பிட்டாரா, ஒன்றும் விளங்கவில்லை. அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துவிட்டு, இனி உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம் என்று போனைக் காதில் இருந்து எடுக்கப்போனார்.

"போன வைக்காதிய" என்றாள் அன்னமேரி.

எடுத்த கையை மறுபடி காதுக்குக் கொண்டுபோனார். "வைக்கல, வைக்கல மேரி. சொல்லு."

அவள் எதுவும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், நகரவில்லை. உள்ளே போனால் அவள் முகத்தைப் பார்க்கலாம். இங்கேயே நின்றால் அவள் பேசலாம்.